சிம்பிள் சார்

வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வந்து இறங்குகிற நவம்பர் மாசம்தான் பக்கத்துக் கருங்குழியிலும் சிலர் வந்து இறங்குகிறார்கள். மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ ஆறு மாசம் அமெரிக்க வாசத்தை முடித்துக்கொண்டு திரும்பும் ரிட்டயர்டு அப்பாக்கள். பறவைகள் வந்ததும் கூடு கட்டும். இவர்கள் வந்ததும் மனைவியின் அடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள்.

போகும்போது வெந்நீர் வைக்கத் தெரியாதவர். கருங்குழி ஸ்டேஷனில் பாசஞ்சர் ஏறி, செங்கல்பட்டில் மின்சார ரயிலுக்கு மாறி, சர்வீஸ் முழுக்க டிபன் பாக்ஸில் மோர் சாதத்தையும் நார்த்தங்காயையும் சென்னைக்குச் சுமந்தவர். திரும்பி வரும்போது வேறு ஆளாக வருவார். பெட்டியைத் திறந்தால் பேரனின் போட்டோவுக்கு முன்னால் ஆரிகானோ பாட்டில் வெளியே வரும். "இனிமே ராத்திரி டிபன் என் பொறுப்பு. உலகத்துல எத்தனையோ சைவச் சாப்பாடு இருக்கு. எல்லாம் சிம்பிள்!"

அந்தச் சொல்லே தெருவில் அவருக்குப் பெயராகிவிடும்.

அவருடைய சிம்பிளுக்கு ஓர் உதாரணம் ஹம்மஸ். முதல் நாள் ராத்திரியே கொண்டைக்கடலை ஊற வேண்டும். காலையில் குக்கரில் குழைய வேக வேண்டும். வெந்த கடலையின் தோலை ஒவ்வொன்றாக உரிக்க வேண்டும், உரிப்பது வீட்டம்மா. வெள்ளை எள்ளை வறுத்து நைசாக அரைத்தால் அது தஹினி. அதோடு பூண்டு, எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய். மிக்ஸியின் மூன்று ஜாரும், வீட்டிலுள்ள அத்தனை கிண்ணங்களும் தொட்டி முற்றத்துக்குத் தேய்க்கப் போன பிறகு, ஒரு கரண்டி விழுது மேஜைக்கு வரும். "பார்த்தியா, ரெண்டே நிமிஷம்!" என்பார். அவர் கணக்கில் சமையல் என்பது மிக்ஸியின் ஸ்விட்சைப் போடுவது மட்டும்தான்.

சாமான் வாங்கும் படலம் தனி. மதுராந்தகம் காய்கறிக் கடையில் ப்ரோக்கோலி கேட்பார். கடைக்காரர் அசரமாட்டார். "காலிஃபிளவர் கீது சார். பச்சையா வோணும்னா ரெண்டு நாள் கழிச்சு வாங்க, அதுவே ஆயிடும்."

மாதம் ஒரு முறை திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து மாமல்லபுரம் போவார். வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒத்தவாடைத் தெருவில், ஓட்டல் வாசல்தோறும் நின்று மெனு பலகையைப் படிப்பார். உள்ளே போகமாட்டார், ஒரே அடுப்பில் மீனும் வேகும். அர்ஜுனன் தபசுச் சிற்பத்தின் முன்னால்கூட யாரும் அவ்வளவு நேரம் நிற்பதில்லை. வீடு திரும்பி, பலகையில் படித்ததை ருசி பார்த்ததுபோல வர்ணிப்பார்.

சைவத்தில் மட்டும் அவரை அசைக்க முடியாது. பார்மசான் சீஸில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்க்கிறார்கள் என்று தெரிந்த அன்று அது விலக்கு. தாய்லாந்துக் கறி மசாலாவில் இறால் விழுது, அதுவும் விலக்கு. கொரியாக்காரர்களின் கிம்ச்சியில் மீன் சாஸ், அது முதல் விலக்கு. விலக்கியதையெல்லாம் எதைக் கொண்டு நிரப்புவது? அதுவும் சிம்பிள்தான். கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை. ஆக, எந்த நாட்டுப் பண்டமானாலும் கருங்குழியில் தாளித்த பிறகுதான் இறங்கும்.

அமெரிக்காவிலிருந்து மகனின் நண்பர்கள் போனில் பேசினால், "வள்ளலார் வாழ்ந்த கருங்குழியா அங்கிள்?" என்று கேட்பதுண்டு. அந்தக் கருங்குழி கடலூர் மாவட்டத்தில் வடலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. இவர் இல்லை என்று சொல்லமாட்டார். "மண்ணுலயே சைவம் ஊறியிருக்குப்பா" என்று பொதுவாக நகர்ந்துவிடுவார்.

ஒரு நாள் பெஸ்டோ. இத்தாலியில் ஜெனோவா நகரத்துப் பச்சை விழுது. அதற்கான இலை துளசிக்குச் சொந்தம் என்று எங்கோ படித்திருந்தார். மறுநாள் விடிந்தபோது துளசி மாடம் மொட்டையாக நின்றது. வீட்டம்மா அன்று முழுக்கப் பேசவில்லை. கீரைக்காரம்மாதான் விவகாரத்தைத் தீர்த்தார். கூடையில் இருந்த திருநீற்றுப்பச்சிலைக் கொத்தை முகர்ந்து பார்த்ததும் சார் துள்ளிக் குதித்தார்: "இதுதான்! இதேதான்!" பைன் கொட்டைக்குப் பதில் வேர்க்கடலை, ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய், பூண்டு உண்டு, சீஸ் கிடையாது. வீட்டம்மா விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். "துவையல்ல புளி போட மறந்துட்டீங்க."

அந்த அம்மாவிடம் இதுதான் கஷ்டம். சார் ஒரு மணி நேரம் விளக்குவதை அவர் ஒரே சொல்லில் முடித்துவிடுவார். மக்காச்சோள மாவை நாற்பது நிமிஷம் கிளறி இறக்கிய பொலெண்டாவைப் பார்த்து, "களி." கொண்டைக்கடலையைக் கொரகொரவென்று அரைத்துப் பொரித்த ஃபலாஃபலைப் பார்த்து, "மசால் வடை. சோம்பு போடலியா?" எத்தியோப்பியாவின் புளித்த மாவு இஞ்சிராவைப் பார்த்து, "திருப்பிப் போடாத தோசை."

தோற்றவர்களின் கடைசி ஆயுதம் சரித்திரம். சாரும் அதைத்தான் எடுத்தார். "உனக்குத் தெரியுமா? மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, எதுவுமே நம்ம ஊர்ச் சரக்கு இல்ல. எல்லாம் அமெரிக்கக் கண்டத்துல விளைஞ்சது. வாஸ்கோ ட காமா 1498ல கோழிக்கோட்டுக்கு வந்து இறங்குறப்ப இங்க காரம்னா மிளகுதான். அப்புறம் போர்ச்சுக்கீசியர் கப்பல்லதான் மிளகாயே வந்தது!"

"அப்படியா? அப்ப இத்தனை வருஷமா நான் வெச்ச தக்காளி ரசம், உருளைக்கிழங்கு பொரியலெல்லாம் எந்த நாட்டுச் சமையலுங்க?"

சார் அன்று ராத்திரி ஒன்றும் கிண்டவில்லை.

அடுத்த வாரம் அவருடைய அப்பாவின் திவசம். அன்று மட்டும் அடுப்பு வீட்டம்மாவுக்கு. அந்த வீட்டு வழக்கப்படி திவசத்துக்கு இங்கிலீஷ் காய் ஆகாது. மிளகாய் கிடையாது, தக்காளி கிடையாது, கோஸ், கேரட், பீன்ஸ் கிடையாது. வாழைக்காய், புடலங்காய், சேனைக்கிழங்கு, மிளகுக் குழம்பு, பிரண்டைத் துவையல். கப்பல் வருவதற்கு முந்தைய சமையல் அப்படியே இலையில் இருந்தது.

சார் மூன்று முறை சோறு கேட்டு வாங்கினார். பிரண்டைத் துவையலை மட்டும் நான்கு முறை. நாக்கு அரிக்காமல் எப்படி வதக்குவது, புளி எவ்வளவு, உளுந்தை எப்போது வறுப்பது என்று வீட்டம்மாவிடம் அடக்கமாகக் கேட்டுக்கொண்டார். அவரும் மனம் குளிர்ந்து, ஒன்றுவிடாமல் சொல்லிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் தெரு வாட்ஸ்அப் குழுவில் பச்சைக் கிண்ணத்தோடு ஒரு படம் வந்தது. கீழே சார் எழுதியிருந்தார்: "பிரண்டை பெஸ்டோ. என் சொந்தக் கண்டுபிடிப்பு. ரொம்ப சிம்பிள்!"