தேவதைகளுக்கு வீட்டு வாடகை கிடையாது

தனியார் மருத்துவமனையில் படுத்து எழுந்தவர்கள் அந்த பில்லை வீட்டில் பத்திரமாக வைத்திருப்பார்கள்; இன்சூரன்ஸ்காரன் கேட்பான். எடுத்துப் பாருங்கள். அறை வாடகை, டாக்டர் விசிட், பஞ்சு, கையுறை என்று இறங்கும் வரிசையில் ‘நர்சிங் சார்ஜ்’ என்று ஒரு வரி இருக்கும். நாளொன்றுக்கு இவ்வளவு என்பது ஊருக்கு ஊர், அறைக்கு அறை மாறும். பேச்சுக்கு ஐந்நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிஸ்டர் பொறுப்பில் பத்துப் படுக்கை. நாளைக்கு ஐயாயிரம், மாதம் ஒன்றரை லட்சம். மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர் என்று பிரித்தாலும் தலைக்கு ஐம்பதாயிரம். வார விடுப்புக்கு மாற்று ஆள், பி.எஃப்., சீருடை எல்லாவற்றையும் தாராளமாகக் கழித்துக்கொள்ளுங்கள். நாலு வருஷம் பி.எஸ்சி. நர்சிங் படித்துவிட்டுப் போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்குப் பல ஊர்களில் கைக்கு வருவது பன்னிரண்டாயிரமோ பதினைந்தாயிரமோதான். மீதி எங்கே போகிறது என்று கேட்டுவிடாதீர்கள். மே 12ஆம் தேதி நர்ஸ்கள் தினத்துக்குக் கேக் வாங்க வேண்டாமா?

அன்றைக்குப் பார்க்க வேண்டும் சேர்மனை. கோட்டு சூட்டோடு வந்து, மெழுகுவத்தி ஏந்தி நிற்கும் பெண்களைப் பார்த்து, “நீங்களெல்லாம் வெள்ளுடை தேவதைகள்” என்று தழுதழுப்பார். அந்தச் சொல்லை அவர் சும்மா சொல்வதில்லை; அதில் ஆண்டு பட்ஜெட்டே இருக்கிறது. நம் புராணப்படி தேவர்களுக்குக் கண் இமைக்காது, கால் தரையில் படாது, உடம்பு வியர்க்காது. கண் இமைக்காதவளுக்குத் தொடர்ந்து ஆறு நைட் போட்டால் என்ன? கால் தரையில் படாதவளுக்கு நாற்காலி எதற்கு? துணிக்கடைப் பெண்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. நல்ல சட்டம். புடவை விற்பவளுக்குக் கால் உண்டு என்று சட்டசபையே ஒப்புக்கொண்ட பிறகும், உயிரைப் பார்த்துக்கொள்பவள் உட்கார்ந்தால் சிசிடிவியில் பார்த்துவிட்டு மேலே இருந்து போன் வருகிறது.

விழா மேடையில் கையில் விளக்கோடு ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் படம் இருக்கும். பாவம், அந்த அம்மாவை விளக்கோடு நிறுத்திவிட்டார்கள். அவர் கையில் இருந்த இன்னொன்று கணக்கு. கிரீமியப் போரில் எத்தனை சிப்பாய் காயத்தால் செத்தான், எத்தனை பேர் தடுக்கக்கூடிய நோயால் செத்தார்கள் என்று எண்ணி, 1858இல் வட்ட வரைபடமாகப் போட்டு லண்டன் அதிகாரிகளின் முகத்துக்கு நேரே நீட்டியவர். இன்றைக்கு அவர் நம் ஊரில் வேலைக்கு வந்து, “இந்த வார்டில் ஒருத்திக்கு எத்தனை நோயாளி?” என்று கேட்டால் மாலைக்குள் மெமோ வரும், மறுநாள் ஹெச்.ஆர். கூப்பிட்டு, “உங்களுக்கு அட்டிட்யூட் சரியில்லை சிஸ்டர்” என்பார். இன்னொரு விவரமும் மேடையில் சொல்ல மாட்டார்கள். நைட்டிங்கேலுக்கு அவர் அப்பா ஆண்டுக்கு 500 பவுண்டு கொடுத்துவந்தார். சம்பளத்தை நம்பி அவர் இல்லை. நம் பெண்ணுக்கு அவள் அப்பா கொடுத்திருப்பது கல்விக் கடன்.

கணக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்திய நர்சிங் கவுன்சில் விதி ஒன்று உண்டு. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர். விடுப்புக்கென்று முப்பது சதவீதம் கூடுதல் ஆள். படிக்கும்போது இதை மனப்பாடம் செய்து தேர்வு எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான், இரவு எட்டு மணிக்கு இருபது பேரை ஹேண்டோவர் எடுக்கிறாள். பத்து மணிக்கு ஆன்டிபயாடிக், நடுவில் இரண்டு புது அட்மிஷன், மூன்றாவது படுக்கையில் வாந்தி, ஏழாவது படுக்கையில் டிரிப்ஸ் முடிந்து ரத்தம் மேலே ஏறுகிறது. “கண்ணு தெரியலையா? காசு வாங்கலையா?” என்று நோயாளியோடு வந்த அட்டெண்டர் போனில் வீடியோ எடுக்கிறார். காலை ஆறு மணிக்கு எல்லோருக்கும் சுகர் பார்க்க வேண்டும். நடுவே எந்த நேரத்தில் செய்தாளோ, செய்ததையெல்லாம் கேஸ் ஷீட்டில் எழுதவும் வேண்டும். எழுதாவிட்டால் செய்யவில்லை என்று அர்த்தம். எழுதிக்கொண்டிருந்தால் நோயாளியைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம். தெர்மாமீட்டர் உடைந்தால் சம்பளத்தில் பிடித்தம். டாக்டர் வரத் தாமதமானால் அடி அவளுக்கு. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோரைத் தண்டிக்க 2008ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது என்று ரிசப்ஷனில் போர்டும் தொங்குகிறது. புகார் கொடுக்கலாம் என்றால், “பேஷண்ட் பார்ட்டி, விடும்மா” என்று முதலில் சொல்வது நிர்வாகம்தான்.

தரச்சான்று ஆடிட் வரும் வாரம் மட்டும் அதே வார்டு சொர்க்கம். எங்கிருந்தோ ஆட்கள் முளைப்பார்கள், ரெஜிஸ்டர்கள் நிரம்பும், நாற்காலிகூட வரும். ஆடிட்டர் காரேறியதும் நாற்காலியும் கிளம்பிவிடும்.

தனியார்தான் லாபக்காரன், அரசாங்கம் அப்படியா? கவர்மெண்ட் உத்தியோகம் கிடைத்துவிட்டால் குலசாமிக்குக் கிடா வெட்டும் நாடு இது. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 7,243 நர்ஸ் பணிகளுக்குப் போட்டித் தேர்வு வைத்தது. தேறியவர்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷம் பொறுத்துக்கொள், நிரந்தரம் ஆக்குகிறோம் என்றார்கள். இரண்டு வருஷம் முடிந்தது, நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கானோர் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். உட்கார நாற்காலி இல்லாதவர்கள் தரையில் உட்கார்ந்ததுதான் அவர்கள் செய்த குற்றம். சேவையை நிறுத்தலாமா என்று நாடே பதறியது. உயர் நீதிமன்றம் வேலைநிறுத்தத்துக்குத் தடை போட்டது. ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது ரூபாய்க்கு ஐ.சி.யூ. பார்த்தபோது பதறாத நாடு இது.

பிறகு 2020 வந்தது. அது சர்வதேச நர்ஸ்கள் ஆண்டு என்று உலக சுகாதார நிறுவனம் முன்கூட்டியே அறிவித்திருந்தது. கொரோனாவும் சரியாக அந்த ஆண்டே வந்தது. மார்ச் 22 மாலை ஐந்து மணிக்குத் தட்டைத் தட்டினோம். மே 3 அன்று விமானப் படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மேல் பூ தூவின. கீழே பி.பி.இ. உடைக்குள் வெந்துகொண்டிருந்தவர்களில் பலர், அவசரத்துக்கு மாதம் 14,000 ரூபாய்க்குத் தற்காலிகமாக எடுக்கப்பட்டவர்கள். செத்தால் சொந்தப் பிள்ளையே கிட்ட வராத காலத்தில் கடைசித் தண்ணீர் ஊற்றியவர்கள். அவர்களில் சுமார் 2,300 பேருக்கு 2022 டிசம்பர் 31 உடன் ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிப்பு இல்லை என்று அரசாணை வந்தது. புத்தாண்டுப் பரிசு! ஆட்சி மாறினால் இதெல்லாம் மாறும் என்று நினைப்பவர்களுக்கு: 2015இல் ஒரு கட்சி, 2022இல் இன்னொரு கட்சி. கொடிகளின் நிறம்தான் வேறு. அரசாணை எழுதும் பேனாவில் ஒரே மை.

சட்டம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பாவம். 2016 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் தனியார் நர்ஸ்களின் நிலையைப் பார்த்துவிட்டு, குழு போடு என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. குழுவும் உட்கார்ந்தது (அவர்களுக்கு நாற்காலி இருந்திருக்கும்). இருநூறு படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை, மாநில அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம் தர வேண்டும். நூறுக்கு மேல் என்றால் பத்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. ஐம்பதுக்கு மேல் என்றால் இருபத்தைந்து சதவீதம். ஐம்பதுக்குள் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியானாலும் 20,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது. பரிந்துரை எல்லா மாநிலத்துக்கும் போனது. கேரளத்தில் நர்ஸ்கள் சங்கம் வைத்து, தெருவில் நின்று, 2018இல் குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பை அரசிடமிருந்து பிடுங்கினார்கள். நம்மூர் ஹெச்.ஆர். அறைக்குள் அந்தப் பரிந்துரையின் நகலோடு போய்ப் பாருங்கள். ‘இருபதாயிரம்’ என்று வாய் திறப்பதற்குள், “வெளியே பத்தாயிரத்துக்கு ஆள் நிற்கிறது” என்பார்கள்.

ஆள் நிற்கிறதுதான். ஏன் நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பெரிய மருத்துவமனைகளில் பலவற்றுக்குச் சொந்தமாக நர்சிங் கல்லூரி உண்டு. வருஷா வருஷம் புது பேட்ச் வெளியே வரும். கடைசி வருஷ மாணவிகள் ‘பயிற்சி’ என்ற பெயரில் சம்பளமில்லாமல் வார்டு ஓட்டுவார்கள். அதற்கு அவர்களே கட்டணமும் கட்டுவார்கள். உலகத்தில் வேறு எந்த முதலாளிக்கும் வாய்க்காத தொழிலாளி இவள். இப்படிப் புதிதாக, மலிவாக, பயத்தோடு ஆள் வந்துகொண்டே இருக்கும்போது அனுபவசாலி எதற்கு? ஐந்து வருஷம் வேலை பார்த்தவள் சம்பளம் கேட்பாள், டோஸ் தப்பாக எழுதியிருக்கிறது என்று டாக்டரிடமே சொல்வாள், லேபர் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பாள். அவளுக்கு ஆண்டுக்கு ஐந்நூறு ரூபாய் இன்கிரிமென்டும் ‘இன்சார்ஜ்’ என்ற பட்டமும் கொடுத்தால் தானாகக் கிளம்பிவிடுவாள். இன்சார்ஜ் என்றால் பழைய வேலை அப்படியே இருக்க, டூட்டி லிஸ்ட் போட்டு எல்லோரிடமும் திட்டு வாங்குவதும் சேரும். இளம் நர்ஸின் ‘கேரியர் குரோத்’ பற்றிக் கருத்தரங்கம் நடத்தும் அதே நிர்வாகத்துக்கு அந்த வளர்ச்சிதான் செலவு. அவள் வளரக் கூடாது என்பது கவனக்குறைவு அல்ல. திட்டம்.

ஆக, வளர்ச்சி எங்கே இருக்கிறது? மீனம்பாக்கத்தில், சர்வதேசப் புறப்பாடு வாசலில். வளைகுடாவுக்கு ப்ரோமெட்ரிக் தேர்வு, இங்கிலாந்துக்கு ஓஇடி, அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ், ஜெர்மனிக்கு பி2 வரை ஜெர்மன். நைட் முடித்து வந்து தூங்காமல் ஆன்லைன் வகுப்பில் ‘டெர், டீ, டாஸ்’ படிக்கிறாள். அனுப்பி வைக்க அரசே 1978இலிருந்து அயல்நாட்டு மனிதவள நிறுவனம் நடத்துகிறது. இங்கே மரியாதையான சம்பளம் கொடுக்க முடியாதவர்கள், அங்கே கொடுக்கிறார்கள், போய் வாங்கிக்கொள் என்று டிக்கெட் போட்டுக் கொடுப்பதும் ஒருவகை நேர்மைதான். ஆனால் அதற்கும் இரண்டு வருஷ அனுபவச் சான்றிதழ் வேண்டும். அது மேலாளரின் பீரோவில், அவள் சேர்ந்த அன்று வாங்கி வைத்த ஒரிஜினல் மார்க் ஷீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாண்டு முடியாமல் போகிறாயா, கட்டு ஐம்பதாயிரம். பிணைக் கைதி என்ற சொல்லைப் போலீஸ் வேறு யாருக்கோ பயன்படுத்துகிறது.

அவள் போன பிறகு உங்கள் அம்மாவுக்கு இன்சுலின் போட வருவது, சேர்ந்து மூன்று வாரமான, பதினான்கு மணி நேரமாக நின்றுகொண்டிருக்கும் இன்னொரு சின்னப் பெண். அவளைத் தேவதை என்று சொல்லாதீர்கள். சாக்லேட் டப்பாவும் வேண்டாம். நர்சிங் கண்காணிப்பாளர் அறைக்குப் போய், “இன்றிரவு இந்த வார்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி?” என்று கேளுங்கள். ஐந்துக்கு மேல் சொன்னால், கவுன்சில் விதிக்கு மேல் ஏன் என்று எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அவள் கேட்டால் வேலை போய்விடும். பணம் கட்டுகிற உங்களை யாரும் வேலையை விட்டுத் தூக்க முடியாது.