பனிக்கால வாங்கலியல்: நூற்பாவும் உரையும்

வட அமெரிக்காவில் ஒவ்வொரு பனிப்புயலும் இருமுறை அடிக்கிறது. முதலில் கடையில், பிறகு வானத்தில். வானத்தில் அடிப்பதற்கு முறையான இலக்கணம் உண்டு. மணிக்கு 56 கி.மீ. வேகக் காற்று, கால் மைலுக்கு அப்பால் ஒன்றும் தெரியாத நிலை, இவை மூன்று மணி நேரம் நீடித்தால்தான் அமெரிக்க வானிலைத் துறை அதை 'பிளிசர்ட்' என்று ஒப்புக்கொள்ளும். கனடாவுக்குக் காற்று 40 கி.மீ. இருந்தால் போதும், ஆனால் நான்கு மணி நேரம் அடித்தாக வேண்டும். கடையில் அடிப்பதற்கு மட்டும் இதுவரை இலக்கணம் செய்வார் இல்லை. அக்குறை தீர்க்க எழுந்தது இந்நூல்.

பனியும் பனி சார்ந்த இடமும் ஆறாம் திணை என்று புலம்பெயர்ந்த ஈழத்து எழுத்தாளர்கள் எப்போதோ பட்டா வாங்கிவிட்டார்கள். நாம் அதில் உள்குத்தகை மட்டுமே கேட்கிறோம். கருப்பொருள்: உப்பு மூட்டை, ஷவல், கால் உறை ஈரமாகாத பூட்ஸ். உரிப்பொருள்: வாங்கலும் வாங்கல் நிமித்தமும்.

நூற்பா 1

பாலும் ரொட்டியும் முட்டையும் எனவரும்
மூன்றும் முதற்கண் மறையும் என்ப.

இதனாற் சொல்லியது யாதோ எனின், புயல் எச்சரிக்கை வந்த மாலையே கடை அலமாரிகளில் இம்மூன்றும் இல்லாது போகும் என்றவாறு. 'என்ப' என்று பிறர் மேல் வைத்துக் கூறியதனால், நூலாசிரியர் போய்ச் சேர்வதற்கு முன்பே எல்லாம் தீர்ந்துவிட்டன என்பது பெறப்பட்டது.

ஏன் இம்மூன்று? பாலும் ரொட்டியும் முட்டையும் சேர்ந்தால் பாம்பே டோஸ்ட் ஆகும். ஆகவே பனி விழும்போது அந்நாட்டாருக்கு அதன்மேல் அடக்க முடியாத ஆசை எழுகிறது என்பார் ஒரு சாரார். பாஸ்டனில் இதற்கென்று ஒரு பகடி எச்சரிக்கை அளவுகோலே உண்டு. புயல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு டோஸ்ட். அற்றன்று. அப்படியாயின் லவங்கப்பட்டையும் அல்லவா தீர வேண்டும்?

மின்சாரம் போனால் பால் கெடுமே, அதை ஏன் வாங்குகிறார்கள் என்று வினவுவார்க்கு: கெடாது. வாசற்படிக்கு வெளியே −15 டிகிரி நிற்கும் ஊரில் பால் கல்லாகுமே தவிரக் கெடாது. அதை எப்படிக் குடிப்பது என்பது இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

உண்மைக் காரணம் வாங்குவோர் மனத்தில் இருப்பதைவிட அலமாரியின் ஆழத்தில் அதிகம் இருக்கிறது. அரிசியும் பருப்பும் மாதக்கணக்கில் கெடாதவை. கடைக்காரர் அவற்றை ஆழமாக அடுக்கி வைக்கலாம். பாலும் ரொட்டியும் அப்படியல்ல. வருவதும் விற்பதும் கணக்காக இருக்கும்படி அளவாகத்தான் தருவிப்பார்கள். வியாழக்கிழமை வர வேண்டியவர்களும் வெள்ளிக்கிழமை வர வேண்டியவர்களும் புதன் மாலையே வந்து நின்றால் போதும், யாரும் ஒரு பாக்கெட்கூட அதிகம் எடுக்காமலே அலமாரி வெறிச்சோடிவிடும். அந்த வெற்று அலமாரியைத் தொலைக்காட்சி காட்டும். அதன்பின் வருபவர் இரண்டிரண்டாக எடுப்பார்.

சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948இல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு வங்கியை உதாரணம் காட்டினார். வங்கி திவாலாகப் போகிறது என்று எல்லோரும் நம்பிப் பணத்தை எடுக்க ஓடினால், நன்றாயிருந்த வங்கியும் திவாலாகிவிடும். பாலுக்கும் அதே கதிதான். 'ரெண்டு நாள் பனிக்கு யாராவது சாவாங்களா?' என்று கேட்கும் நிதானஸ்தரும் வண்டியை எடுக்கிறார். நிதானமில்லாத பக்கத்து வீட்டுக்காரர் இந்நேரம் கிளம்பியிருப்பார் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே வாங்குவோன் அஞ்சுவது பனிக்கு அன்று, பக்கத்து வீட்டானுக்கே என்பது எம் துணிபு.

இந்நூற்பாவுக்குப் புறநடை இரண்டு. சியாட்டிலில் 2019 பிப்ரவரிப் பனியின்போது தீர்ந்துபோன பொருள் கேல் கீரை. வெற்றுக் கீரைத் தட்டின் படத்தைப் பார்த்து மற்ற ஊர்கள் சிரித்தன. உலகம் முடியும் வேளையிலும் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் அந்த ஊரை நாம் பாராட்டவே செய்கிறோம். மற்றது டொராண்டோவின் ஸ்கார்பரோத் தமிழர். பால் வாங்குவார்கள். ஒண்டாரியோவில் 4 லிட்டர் பால் மூன்று பைகளாக வருவதால், பால் பாக்கெட்டோடு வளர்ந்தவர்களுக்கு அதில் அந்நியம் இல்லை. பாணும் வாங்குவார்கள். ஆனால் பதற்றம் தெரிவது தமிழ்க் கடையின் கறிவேப்பிலைப் பக்கம்தான். அரிசி மூட்டை பேஸ்மென்ட்டில் எந்நாளும் இருப்பது.

நூற்பா 2

பனிபழ காவூர் பதறும் பெரிதே;
பழகிய ஊரோ பார்த்துக் கொள்ளும்.

2014 நவம்பரில் பஃபலோவின் தெற்குப் பகுதிகளில் 5 அடிக்கும் மேல் பனி கொட்டியது. ஈரி ஏரியின் இளஞ்சூட்டு நீர்மேல் கடுங்குளிர்க் காற்று ஓடி, ஈரத்தை அள்ளி வந்து கரையில் கவிழ்க்கும் வேலை அது. அதே ஆண்டு ஜனவரி 28இல் அட்லாண்டாவில் விழுந்தது ஏறத்தாழ இரண்டரை அங்குலம். பள்ளிகளும் அலுவலகங்களும் ஒரே நண்பகலில் கலைந்தன. ஊரே ஒருசேரச் சாலைக்கு வந்தது, சாலை கண்ணாடியாக உறைந்தது. பிள்ளைகள் பள்ளியிலேயே இரவு தங்கினார்கள். நெடுஞ்சாலையில், காருக்குள் ஒரு குழந்தை பிறந்தது. டொராண்டோ பழகிய ஊர்தானே எனின், 1999 ஜனவரியில் அதன் மேயர் மெல் லாஸ்ட்மன் பனிக்கு ராணுவத்தை அழைத்தார். மிச்சக் கனடா அதை இன்னும் மறக்கவில்லை.

பழகிய ஊர் பார்த்துக்கொள்ளும் என்பதற்கும் விலை உண்டு. 1978 பிப்ரவரி 6 விடியலில் பாஸ்டனில் விழ வேண்டிய பனி விழவில்லை. 'வானிலைக்காரர் வழக்கம்போல் தவறிவிட்டார்' என்று சொல்லிவிட்டு ஊர் வேலைக்குப் போனது. பனி தாமதமாக வந்து, வந்ததும் நிற்கவில்லை. மறுநாள் முடிவதற்குள் 27.1 அங்குலம். பாதை 128இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் புதைந்து நின்றன. ஆளுநர் மைக்கேல் டுகாக்கிஸ் கார் ஓட்டுவதற்கே தடை போட்டார். போட்ட ஸ்வெட்டரோடு தொலைக்காட்சியில் தோன்றித் தோன்றி அந்த ஸ்வெட்டரும் வரலாறானது. நியூ இங்கிலாந்துக்காரர்கள் எச்சரிக்கை என்றதும் பாலுக்கு ஓடும் வழக்கம் அன்று தொடங்கியது என்பது அங்குள்ளோர் நம்பிக்கை.

நம் ஆய்வுக்கு முக்கியம் வேறொன்று. அதே பிப்ரவரி 6 இரவு பாஸ்டன் கார்டன் அரங்கில் கல்லூரி ஹாக்கிப் போட்டி பார்க்கப் போனவர்களில் சில நூறு பேர் வீடு திரும்ப முடியாமல் அரங்கிலேயே நாள்கணக்கில் தங்கி, ஹாட் டாக் தின்று காலம் கழித்தார்கள். அட்லாண்டாவில் கடைகள் இரவெல்லாம் திறந்து வைத்து, முன்பின் தெரியாதவர்களைச் சரக்கு அடுக்குகளுக்கு நடுவே படுக்க வைத்தன. முதல் நாள் மாலை கடைசிப் பாலுக்கு ஒருவரை ஒருவர் முறைப்பவர்களும் இத்தகையோரே. பனி விழத் தொடங்கியதும் பக்கத்து வீட்டான் போட்டியாளன் பதவியிலிருந்து இறங்கி உறவினன் ஆகிறான். இந்த உறவு பனி நிற்கும் மட்டும் நீடிக்கும்.

சிறுவர் தனி இனம். பைஜாமாவை உள்புறம் வெளியாகப் போட்டுக்கொண்டு, தலையணைக்கடியில் கரண்டி வைத்து உறங்கினால் பள்ளிக்கு விடுமுறை வரும் என்பது அவர்கள் சாத்திரம். புயலை வேண்டிக் காத்திருக்கும் ஒரே கூட்டம் இதுதான். இவர்கள் எதுவும் வாங்குவதில்லை.

நூற்பா 3

வாரிய இடத்தை வாரினோன் ஆள்க,
நாற்காலி ஒன்று நடுவண் இருப்பின்.

தெருவோரம் புதைந்த காரை மணிக்கணக்கில் வாரி வெளியே எடுத்தவர், வேலைக்குப் போகும்போது அந்தக் குழியில் ஒரு நாற்காலியை வைத்துவிட்டுப் போவார். அதுவே சாசனம். நகரப் பேருந்தின் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்த பரம்பரைக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. நாற்காலி என்றது உபலக்கணம். இஸ்திரி மேசை, பழைய வாக்குவம் கிளீனர், போக்குவரத்துக் கூம்பு எதுவும் செல்லும். பிட்ஸ்பர்க்கிலும் இவ்வழக்கு உண்டு. சிகாகோ இதற்கு 'டிப்ஸ்' (dibs) என்று பெயரிட்டு, 1967இல் 23 அங்குலம் கொட்டிய நாளிலிருந்து தொடர்ச்சி சொல்கிறது. சட்டப்படி தெரு யாருடையதும் அன்று என்பது சிகாகோவில் எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் நாற்காலிக்கு முன் சொல்வதில்லை.

பாஸ்டன் மாநகரம் மட்டும் உரையாசிரியர் போல் ஒரு வரம்பு கட்டியது: பனி நெருக்கடி நீங்கியபின் 48 மணி நேரம், அதற்கப்பால் நாற்காலி குப்பை. சவுத் எண்ட் பகுதியார் 2015இல் எங்களுக்கு அதுவும் வேண்டாம் என்று விலகிக்கொண்டார்கள். சவுத் பாஸ்டனில் 49ஆம் மணி நேரத்தில் நாற்காலியை ஓரமாக வைத்துவிட்டுக் காரை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது களஆய்வுக்கு உரியது. நாம் அதை அடுத்து வரும் ஆய்வாளருக்கு விட்டுவிடுகிறோம். அவர் நான்கு டயருக்கும் ஸ்டெப்னி வைத்துக்கொள்வது நலம்.