கல்யாணப் பந்தியும் காலிப் பணியிடமும்: தூரத்து மாமா குறித்து ஓர் ஆய்வு

வேலை கிடைக்காத பட்டதாரி கல்யாண மண்டபத்தில் எங்கே உட்காருவார் என்பது பற்றி முறையான ஆய்வு எதுவும் கண்ணில் படவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை. கள நிலவரப்படி அவர் கடைசி வரிசையில், தூணை ஒட்டி, ஃபேன் காற்று எட்டாத நாற்காலியில் இருப்பார். தாலி கட்டியதும் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, தாம்பூலப் பைகூட வாங்காமல் நழுவுவார். காரணம் ஒரே ஆள்: அம்மா வழியா அப்பா வழியா என்று உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு மாமா. அவர் கேட்கப்போகும் கேள்வி உலகறிந்தது: “தம்பி, இப்போ என்ன பண்றீங்க?”

இந்த மாமாவிடமிருந்து தப்பி ஓடுவதுதான் வேலை தேடலில் நடக்கும் பெரும்பிழை என்பது நமது கருதுகோள்.

அதை நிறுவும் முன், நிலவும் மற்ற வழிகளை ஒரு பார்வை பார்ப்பது ஆய்வு மரபு. முதலாவது, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் சீனியாரிட்டி போய்விடுமே என்ற பயத்திலேயே பல தலைமுறை வளர்ந்திருக்கிறது. 1959-இல் வந்த சட்டம், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை இந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. இரண்டாவது, போட்டித் தேர்வு. 2022-இல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வை அறிவித்தபோது இடங்கள் 7,301; விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம். ஓர் இடத்துக்கு 300 பேர்.

மூன்றாவது, பயோடேட்டாவைக் கண்ணில் பட்ட மின்னஞ்சலுக்கெல்லாம் அனுப்புவது. இந்த ஆவணம் தனி ஆய்வுக்குரியது. பெரும்பாலும் சீனியரின் ஃபைலைத் திறந்து பெயரை மாற்றி உருவாக்கப்படுவதால், சீனியரின் அப்பா பெயர் அதில் அப்படியே தங்கிவிடுவதுண்டு. ‘ஹார்டு ஒர்க்கர்’, ‘டீம் ப்ளேயர்’ ஆகிய சொற்கள் தவறாமல் இருக்கும். என்ன வேலை தெரியும் என்பது மட்டும் இருக்காது. பொழுதுபோக்கு: பாட்டுக் கேட்பது. மேற்கண்டவை அனைத்தும் உண்மை என்ற உறுதிமொழிக்குக் கீழே இடமும் தேதியும் காலியாக விடப்பட்டிருக்கும்.

இனி மாமா.

மாமாவின் அருமையை முதலில் அளந்து காட்டியவர் ஓர் அமெரிக்கர். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர், பாஸ்டன் நகரை ஒட்டிய நியூட்டனில் புதிதாக வேலை மாறியவர்களைப் பிடித்து விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், ‘அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துவந்தீர்கள்?’ என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55.6. அபூர்வமாக, அதாவது ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ என்றவர்கள் 27.8. கட்டுரை 1973-இல் வெளியாகி, சமூகவியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுபவற்றில் ஒன்றாகிவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கும் நபரை நம் ஊரில் எங்கே பார்ப்போம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காரணம் எளிது. தினமும் டீக்கடையில் கூடவே நிற்கும் நண்பனுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். அவனும் வேலை தேடிக்கொண்டுதான் இருக்கிறான். மாமா வேறு ஊர், வேறு தொழில். அங்கே யார் வேலையை விட்டுப் போகிறார், யார் ஓய்வு பெறுகிறார் என்ற செய்தி விளம்பரமாகும் முன்பே அவர் காதுக்கு வந்துவிடும்.

உள்ளூர்ச் சான்று வேண்டுவோருக்குக் கணித மேதை ராமானுஜன் இருக்கிறார். எஃப்.ஏ. தேறாதவர், வருமானமில்லை, கல்யாணமும் ஆகிவிட்டது. 1910 வாக்கில் திருக்கோவிலூருக்குப் போய் டெபுடி கலெக்டர் ராமசாமி ஐயரிடம் குமாஸ்தா வேலை கேட்டார். ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர், இந்த மூளையைத் தாலுகா ஆபீசில் போட்டு நசுக்க மனமில்லாமல், சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். பழைய ஆசிரியர் சேஷு ஐயர், நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் என்று சங்கிலி நீண்டு, 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் முடிந்தது. இத்தனை பேரில் அவருடைய தோளில் கைபோட்டுப் பழகியவர் ஒருவரும் இல்லை. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. அவர் வெறுங்கையோடு போகவில்லை, நோட்டோடு போனார்.

பந்தியில் அமர்ந்திருப்பவருக்கு அந்த நோட்டுக்கு ஈடானது, தயாராக வைத்திருக்கும் பதில். “சும்மாதான் இருக்கேன் மாமா” என்றால் உரையாடல் அங்கேயே முடிந்தது. “ஏதாவது இருந்தா சொல்லுங்க மாமா” என்றால் அவர் “கண்டிப்பா” என்பார். பாயசம் வருவதற்குள் மறந்துவிடுவார். ஆனால், “பி.காம். முடிச்சிருக்கேன் மாமா. ஆடிட்டர் ஆபீஸ்ல ஆறு மாசம் ஜி.எஸ்.டி. ஃபைலிங் பார்த்தேன், டேலி நல்லா தெரியும். திருப்பூர் பக்கம் அக்கவுண்ட்ஸ் வேலை தேடுறேன்” என்று சொல்லிப் பாருங்கள். ரசத்துக்குக் குழி பறித்த கை அப்படியே நிற்கும். “திருப்பூரா? நம்ம சம்பந்தியோட தம்பி அங்கதானே பனியன் கம்பெனியில மேனேஜர்!”

அன்றிரவே பயோடேட்டாவை மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். ஃபைலுக்குச் சொந்தப் பெயரைச் சூட்டுவது நல்லது; ‘நியூ ஃபைனல் 3’ என்ற பெயரில் வருவதை எந்த மேனேஜரும் இரண்டாம் முறை தேடி எடுக்கமாட்டார். ஒரு வாரம் கழித்து ஒருமுறை போன். தினமும் ‘குட் மார்னிங்’ படம் அனுப்புவது ஆய்வு முடிவுகளைப் பாதிக்கும்.

ஆய்வின் வரம்புகளையும் சொல்லியாக வேண்டும். எல்லோருக்கும் மேனேஜர் சம்பந்தி கிடையாது. வீட்டில் முதலில் கல்லூரி வாசல் மிதித்தவரின் மாமாக்கள் அவரைவிடப் பாவம். 1929-இல் மதராஸ் சர்வீஸ் கமிஷன் பிறந்ததும், அதன் வழிவந்த டி.என்.பி.எஸ்.சி.யை இன்றும் லட்சக்கணக்கானோர் நம்புவதும் வீணில்லை. அந்த வினாத்தாள் யாருடைய மாமாவையும் விசாரிப்பதில்லை. இப்படி மாமா வாய்க்காதவர்கள் கல்லூரி சீனியர், பழைய வாத்தியார், இன்டர்ன்ஷிப் போன இடத்து சூப்பர்வைசர் ஆகியோரை மாமாவாகக் கொள்ளலாம் என்பது இக்கட்டுரையின் பரிந்துரை.

இரண்டாம் வரம்பு ஆபத்தானது. அரைகுறையாகத் தெரிந்தவர் எல்லோரும் மாமா அல்ல. 2022-இல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரில் சைபர் மோசடிக் கும்பலிடம் சிக்கி, பிறகு மீட்கப்பட்டார்கள். ஆகவே வெளிநாட்டு வேலை என்று யார் சொன்னாலும், ஏஜென்ட்டின் பதிவு எண்ணை வாங்கி மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். உள்ளூர் வேலைக்கு முன்பணம் கேட்டால், அவர் எந்த வழி உறவானாலும் சரி, இலையை மூடிவிட்டு எழுந்துவிடுங்கள்.