பிரஷ் செய்யிற பெடியனுக்குப் பெரியப்பு சொன்ன புத்தி

வா மோனை, உந்தத் திண்ணையிலை இரு. நீ கிரிட்டா எண்ட படம் கீறுற மென்பொருளிலை புதுசா ஒரு பிரஷ் செய்திட்டாய் எண்டு கொம்மா ஊர்காவற்றுறை முழுக்கச் சொல்லித் திரியிறா. நல்ல விசயம். படம் எங்கை எண்டு மட்டும் நான் கேக்கமாட்டன். படத்தை ஆர் எண்டாலும் கீறுவினம். பிரஷ் செய்யத்தானே மூளை வேணும்!

நெடுந்தீவு முருகைக்கல் மதிலைக் கீறத்தான் இந்த அடுக்குப் பிரஷ் எண்டாய். சாந்து ஒரு துளி இல்லாமல் கல்லுக்கு மேலை கல்லா நிக்கிற மதில் அது. நீ செய்ததும் ரெண்டு அடுக்கு. ஒண்டு வட்ட முனை. மற்றது முருகைக்கல்லுப் படத்திலை இருந்து வெட்டின முனை. ரெண்டும் சேந்து விழுற இடத்திலைதான் நிறம் பிடிக்கும். போட்டோஷொப்காரர் இதை ‘டுவல் பிரஷ்’ எண்டு கனகாலமாய் வைச்சிருக்கினம். கிரிட்டாவுக்கு 2018இலை, 4.0 பதிப்போடை, ‘மாஸ்க்ட் பிரஷ்’ எண்டு வந்தது. அதுக்குக் காசும் இல்லை. காசில்லாதபடியாத்தான் நீ இராப்பகலா அதுக்குள்ளையே கிடக்கிறாய் எண்டு கொப்பர் சொல்லுறார். நான் அப்பிடிச் சொல்லேல்லை.

பரிசோதிச்சுப் பாத்தன் எண்டாய். எப்பிடி? வெள்ளைத் தாளிலை ஒரு வளைஞ்ச கோடு, பேந்து உன்ரை கையெழுத்து. வங்கியிலை காசெடுக்கப் போறவனுக்கு உது காணும். மதில் கட்டப் போறவன் இன்னும் கொஞ்சம் பாக்கவேணும்.

முதல்லை வெயிலைப் பார். நீ படம் பிடிச்சது பின்னேரம். ஒவ்வொரு கல்லுக்கும் கிழக்காலை நிழல். அந்த நிழலோடையே முனையை வெட்டிப்போட்டு, அதைக் கண்டபாட்டுக்குச் சுழலவும் விட்டிருக்கிறாய். இப்ப ஒரு கல்லுக்கு வெயில் நயினாதீவுப் பக்கத்தாலை, அடுத்ததுக்கு இந்தியாப் பக்கத்தாலை, மூண்டாவதுக்கு நிலத்துக்குக் கீழாலை. நெடுந்தீவிலை வெயில் கூடத்தான், அதுக்காக இத்தினை சூரியனோ? மப்பு நாளிலை, நிழல் விழாமல் படம் பிடி. இல்லாட்டி முனையைச் சுழல விடாதை.

அடுத்தது, ஒரு நீட்டுக் கோடு இழு. மூலை உடைஞ்ச அதே கல்லு திரும்பத் திரும்ப வருது, கண்டியோ? மதில் கட்டின அப்புமார் ஒரே கல்லைத்தான் கழட்டிக் கழட்டி வைச்சவையோ? ரெண்டு முனைக்கும் ஒரே அளவு, ஒரே இடைவெளி (ஸ்பேசிங்) குடுத்தால் அப்பிடித்தான் வரும். ரெண்டையும் ஒண்டுக்கொண்டு பொருந்தாமல் வை.

பேந்து அதே இடத்திலை நாலைஞ்சு தரம் தேய். முருகைக்கல்லு ஓட்டையெல்லாம் அடைபட்டுச் சீமெந்துச் சுவர் எழும்புது! முனையோடை சேந்து ஓடுற சொரசொரப்பு ஒவ்வொரு இழுவைக்கும் வேறை இடத்திலை விழும். அதாலை ஓட்டை மூடுபடும். கன்வஸோடை ஒட்டி நிக்கிற டெக்ஸ்சர் அசையாது. பள்ளம் பள்ளமாய்க் கிடக்கும். எது வேணும் எண்டதை நீதான் முடிவெடுக்கவேணும், கொம்பியூட்டர் எடுக்காது.

வெள்ளையிலை எந்தப் பிரஷும் வடிவாத்தான் தெரியும். சாம்பலிலையும் கறுப்பிலையும் போட்டுப் பார். பேனையை மெல்லவும் அமத்தியும் இழு. முனையைப் பெரிசாக்கிக் கெதியா ஒரு இழுவை இழு. குறிகட்டுவானிலை கடைசிப் படகுக்கு ஓடுற கிழவன் மாதிரிக் கோடு பின்னாலை இளைச்சு இளைச்சு வந்தால், அடுக்கு கூடிப்போச்சு. ஒவ்வொரு அடுக்கா நிப்பாட்டிப் பார். நிப்பாட்டினதே தெரியேல்லை எண்டால் அந்த அடுக்கு சும்மா சோறு தின்னுது, எடுத்தெறி.

அதே பிரஷாலை நெடுந்தீவுக் குதிரையையும் கீறினியாம், பிடரியிலை கல்லு முளைச்சிருந்ததாம். மதிலுக்குச் செய்ததை மதிலோடை விடு, ராசா.

என்னைக் கேட்டால், வெறும் வட்டப் பிரஷாலை ஒரு முழம் மதிலை முதல்லை கீறு. எந்த இடத்திலை கை சலிக்குதோ அந்த வேலைக்கு மட்டும் பிரஷ் செய். கீறாமலே செய்தால், உனக்கு என்ன தேவை எண்டு உனக்கே தெரியாது.

ஆனால் இதெல்லாம் சரிவந்தால் ஒரு ஆபத்து இருக்கு மோனை: படம் கீறவேண்டி வந்திடும். அதுக்குப் பயமெண்டால் கந்தோர்ப் பெரியவையைப் பாத்துப் பழகு. தீவாருக்கு நல்ல படகு எப்ப எண்டு கேட்டால், ஆய்வு நடக்குது எண்டுவினம். நீயும் அப்பிடியே சொல்லிக்கொண்டிரு. என்ன, அவைக்கு மாசம் முடியச் சம்பளம் வருது; உனக்குக் கொம்மாதான் தரவேணும்.