பேண்ட் தலைவர்

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கும் பிளஸ் ஒன் சேர்க்கைக்கும் நடுவே வருகிற கோடை லீவில்தான் சென்னையில் ராக் பேண்டுகள் பிறக்கின்றன. தலைவரைக் கண்டுபிடிப்பது சுலபம். கத்திரி வெயிலிலும் கறுப்பு டி-ஷர்ட். முதுகில் கிட்டார் பை. இடது கை விரல் நுனிகளில் காய்ப்பு ஏறிவிட்டதா என்று நிமிஷத்துக்கு ஒருதரம் தடவிப் பார்த்துக்கொள்வார். கிட்டார் அண்ணா சாலை மியூசி மியூசிகலில் வாங்கியது. கடை 1842-இல் தொடங்கியது என்று சொன்ன பிறகுதான் விலையைச் சொல்வார். அந்த விலையை அப்பாவும் கொடுத்தார், பாட்டியும் கொடுத்தார். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. டிஸ்டார்ஷன் பெடல் வந்தது அப்படித்தான்.

தெரு கிரிக்கெட்டில் பேட் யாருடையதோ அவன்தான் ஓப்பனர். பேண்டிலும் அதே சட்டம். காலி கார் ஷெட் உள்ள வீட்டுப் பையன் டிரம்மர். தாளம் நிற்காது, ஆனால் ஷெட் நிற்கிறதே! பாட்டுக்காரன் ஏழு வருஷம் கர்நாடக சங்கீதம் படித்தவன். கத்தச் சொன்னால் கத்தலிலும் கமகம் விழுகிறது. கீபோர்டு பையன் டிரினிட்டி கிரேடு பரீட்சைகள் பாஸ் செய்தவன். கூட்டத்தில் இசை தெரிந்த ஒரே ஆள் என்பதால் அவன் பேச்சை யாரும் கேட்பதில்லை. கடைசியாக வந்து சேர்ந்தவன் தலையில் பேஸ் கட்டப்படும். “பீட்டில்ஸ்லயே 1961-ல சட்க்ளிஃப் போனப்புறம் வேற ஆளில்லாம பால் மெக்கார்ட்னிதாண்டா பேஸ் எடுத்தாரு” என்று தலைவர் தேற்றுவார். பேஸ் கிட்டார் வாங்கக் காசில்லாத மெக்கார்ட்னி, சாதா கிட்டாரின் தடித்த நாலு கம்பிகளில் ஒப்பேற்றுகிறான்.

வீட்டில் வாதாடவும் தலைவரிடம் சரித்திரம் இருக்கிறது.

“லெனனும் மெக்கார்ட்னியும் சந்திச்சப்ப ஒருத்தருக்கு 16, இன்னொருத்தருக்கு 15 வயசுப்பா. யூ2 மொதல்ல கூடினதே டிரம்மர் வீட்டு அடுப்பங்கரையிலதான். அவருக்கு அப்ப 14 வயசு.”

“என் அடுப்பங்கரைக்குள்ள டிரம்ஸ் வந்துது, அவ்ளோதான்” என்று உள்ளேயிருந்து அம்மா குரல்.

“சரிப்பா, ரகுமான் சாரே சின்ன வயசுல நெமிசிஸ் அவென்யூன்னு ராக் பேண்ட் வெச்சிருந்தாரே?”

“அவர் பதினோரு வயசுலயே கீபோர்டு வாசிச்சுக் குடும்பத்துக்குச் சம்பாதிச்சவர்டா. நீ இந்த மாசம் கரென்ட் பில் கட்டு, மேல பேசலாம்.”

பெயர் வைப்பதில் மூன்று வாரம் போகும். சாவும் இருட்டும் தொனிக்க வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொண்டு ‘அமாவாசை’ என்று முடிவாயிற்று. பாட்டிக்கு ஏகத் திருப்தி: “நிறைஞ்ச நாள்டா, அமோகமா வரும்.” முதல் பாட்டு தயாராகுமுன் லோகோ, இன்ஸ்டாகிராம் பக்கம், தலைவரின் ஆட்டோகிராஃப் மூன்றும் தயார்.

பிராக்டிஸ் என்றால் டீப் பர்ப்பிளின் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’. 1972-இலிருந்து உலகத்துக் கற்றுக்குட்டிகள் எல்லாம் அதன் ஆரம்பத்தைத்தான் வாசிக்கிறார்கள். அமாவாசையும் ஆரம்பத்தை மட்டுமே வாசிக்கும். எஃப் கார்டு என்றால் தலைவருக்கு ஆகாது. ஆள்காட்டி விரல் ஒன்றே ஆறு கம்பியையும் அமுக்க வேண்டும். அவர் விரலுக்கு நாலுதான் அடங்கும், மற்ற இரண்டும் ‘டொக்’ என்னும். அதனால் எஃப் வருகிற பாட்டெல்லாம் ‘ரொம்ப கமர்ஷியல்’ என்று தள்ளிவிடுவார்.

“தம்பி, சத்தத்தக் கொஞ்சம் கொறச்சுக்குங்கப்பா” என்று அசோசியேஷன் செக்ரட்டரி எட்டிப் பார்ப்பார்.

“அங்கிள், இன்னும் ஆம்ப்பே ஆன் பண்ணல.”

ஸ்கூல் கல்ச்சுரல்ஸில் கொடுத்த பதினைந்து நிமிஷத்தில் பன்னிரண்டை சவுண்ட் செக் தின்றுவிட்டது. கூட்டம் “சினிமா பாட்டு போடுங்கடா!” என்று கத்த, கீபோர்டு பையன் யாரையும் கேட்காமல் ஒரு இளையராஜா முகப்பிசையை எடுத்துவிட்டான். விசில் கூரையைப் பிளந்தது. தலைவர் முறைத்தார், மறுநாள் இன்ஸ்டாகிராமில் அதற்கு ‘எங்கள் ஃப்யூஷன் முயற்சி’ என்று பெயர் சூட்டினார்.

அடுத்த மாதமே ‘இசை சார்ந்த கருத்து வேறுபாடுகளால் அமாவாசை கலைகிறது’ என்று அறிவிப்பு வந்தது. வேறொன்றுமில்லை, டிரம்மர் வீட்டில் கார் வாங்கிவிட்டார்கள். தலைவர் இப்போது புது பேண்டுக்கு டிரம்மர் தேடுகிறார். தாளம் முன்னேபின்னே இருக்கலாம். மொட்டை மாடிச் சாவி கையில் இருக்க வேண்டும்.