ஒக்ஸ்போர்ட் மருமகன்

தேற்றாத்தீவில் சாமம் ஒரு மணிக்கும் லைட் எரிந்தால் அது செத்த வீடாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒக்ஸ்போர்ட்டில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறவர் லீவில் வந்து நிற்கும் வீடு. இரண்டுக்கும் சனம் விசாரிக்கப் போகும். அங்கே "எப்ப எடுக்கிற?" என்பார்கள், இங்கே "எப்ப முடிக்கிற?" என்பார்கள். முதற் கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கும்.

ஆளைக் கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயில் வீதியில் அடையாளம் காண்பது லேசு. வேட்டி கட்டியிருப்பார், தோளில் லப்டொப் பை தொங்கும். "கல்முனை பஸ் போயிட்டா தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். "போயிருக்கச் சாத்தியம் இருக்கு" என்பார்.

அந்தப் படிப்பின் படிமுறையை ஊரில் சரியாக விளங்கிக்கொண்டவர் கச்சேரியில் கிளாக்காக இருந்து பென்சன் எடுத்த மாமா ஒருவர்தான். ஒக்ஸ்போர்ட்டில் சேர்ந்தவுடன் ஆளைக் கலாநிதி மாணவன் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள், தகுதிகாண் மாணவன்தான். பிறகு ஒரு நேர்முகம், தகுதி மாற்றம். மறுகா இன்னொரு நேர்முகம், தகுதி உறுதிப்படுத்தல். மாமா துள்ளி எழும்பினார்: "அப்ப உன்ன நிரந்தரமாக்கிட்டாங்க! பென்சன் இருக்கா மனே?"

உதவித்தொகையே இன்னும் எட்டு மாதத்தில் முடிகிறது என்றதும் மாமா பேசாமல் வெற்றிலையை எடுத்தார். 2017இல் நியமனம் கேட்டுப் பட்டதாரிகள் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் குந்தியிருந்த மாவட்டம் இது. அவருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

சுகம் இல்லாமலும் இல்லை. கறுப்பு அங்கி போட்டு, மெழுகுதிரி வெளிச்சத்தில், பழைய பிரபுக்களின் படங்களுக்குக் கீழே இருந்து விருந்து சாப்பிடலாம். மற்ற நாள் அறையில் பாணும் அம்மா அனுப்பிய சம்பல் தூளும். 1645இல் முதலாம் சார்ல்ஸ் மன்னருக்கே புத்தகம் இரவல் கொடுக்காத போட்லியன் நூலகத்தில், உள்ளே நெருப்பு மூட்டமாட்டேன் என்று வாக்குறுதி கொடுத்துவிட்டு வாசிக்கலாம். "குசினிக்க அடுப்பு மூட்டவும் மாட்டான், அங்க வேற சத்தியமாம்" என்றா அம்மா.

ஆராய்ச்சி எதைப் பற்றி? மட்டக்களப்பு வாவி றாலைப் பற்றி. வீட்டுக் கொல்லையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் கிடக்கிற ஆறு! ஒரு காலம் சிக்காகோவிலிருந்து டெனிஸ் மக்கில்வ்ரே என்ற மானிடவியலாளர் அக்கரைப்பற்றுக்கு வந்து நம்மைப் படித்துவிட்டுப் போனார். இப்போது நம்மட பெடியன் ஒக்ஸ்போர்ட்டுக்குப் போய்த்தான் நம்மட ஆற்றைப் படிக்கிறான். நான் இதை முன்னேற்றம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

போன மாரியில் ஆற்றங்கரையில் கருவியைத் தண்ணிக்குள் விட்டு உப்பு அளந்துகொண்டிருந்தார். அத்தாங்கோடு வந்த கிழவர் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். "நேத்தையவிடக் குறைவு." கருவியும் அதையே காட்டியது. நம்மட ஆள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார், கருவியின் பேரில்.

அந்த நேரம் படுவான்கரையில் வயல் செய்கிற மாமா ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். பயிர் கழுத்தளவு தண்ணியில் நிற்கிறது.

"மருமகன், நீங்க படிச்ச ஆள். வெள்ளம் கடலுக்கு ஓடக் கல்லாத்து முகத்துவாரத்த இப்ப வெட்டலாமா, கூடாதா?"

"மாமா, ஒரு பக்கத்தால பாத்தா..." என்று தொடங்கி, மீன்குஞ்சு, றால், உப்பு எல்லாம் சொல்லி, "மற்றப் பக்கத்தால பாத்தா" என்று நிமிர்ந்தார். மாமாவின் சைக்கிள், கரியரில் மண்வெட்டியோடு, ஒழுங்கை முடக்கில் திரும்பிக்கொண்டிருந்தது.