படத்தில் கறுப்புப் பட்டை

கேள்வி: புதிதாக ஸ்டுடியோ ஃபிளாஷ் வாங்கினேன். எடுக்கிற படத்திலெல்லாம் ஓர் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுகிறது. பழுது லைட்டிலா, கேமராவிலா?
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: இரண்டும் சௌக்கியம். அவசரப்படுவது நீங்கள் வைத்த ஷட்டர் வேகம்தான்! ஷட்டரில் இரண்டு திரைகள் உண்டு. முதல் திரை திறக்கும், இரண்டாவது மூடும். பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250 வினாடி வரைதான் சென்சார் ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்திருக்கும். 1/500 வைத்தால், முதல் திரை விலகி முடிவதற்குள் இரண்டாவது கிளம்பிவிடும். அந்த நேரம் பார்த்து ஃபிளாஷ் மின்னினால், திரை மறைத்த ஓரம் கறுப்பாகிவிடும்; குரூப் போட்டோவில் மாமா குறுக்கே வந்து நின்ற கதைதான்.

கேமராவை ‘எம்’ மோடில் போட்டு 1/125 வையுங்கள். ஃபிளாஷை மின்னவைக்கும் ட்ரிக்கர் மலிவானதாக இருந்து சற்றுத் தாமதித்தாலும் தாங்கும். படம் வெளிறினால் ஷட்டரோடு மல்லுக்கட்டாதீர்கள். ஃபிளாஷ் வெளிச்சம் அதற்கு அடங்காது. அபர்ச்சர், ஐஎஸ்ஓ, ஃபிளாஷ் பவர் மூன்றும்தான் அதற்குக் கடிவாளம்.

ஃபிளாஷே மின்னவில்லையா? சைலன்ட் ஷட்டர், ட்ரிக்கர் சேனல், பேட்டரி மூன்றையும் பாருங்கள். கடைக்காரரோடு சண்டையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.